காரணங் காணாத பரிகாரம்

எமது பல்கலைக்கழகச் சூழலிலே இன்று மிகச் சாதாரணமாக வழங்கும் சொற்களுள் ‘போர்மற்’ என்பது ஒன்று. கணினி இடையிலே நின்றுவிட்டதா? போர்மற் செய். திரை நீலமாகிப் புரியாத எழுத்துக்கள் தோன்றினவா? போர்மற் செய். ஒரு கோப்பைத் திறக்க ஐந்து நிமிடம் எடுக்கிறதா? போர்மற் செய். அதுவும் பலிக்காவிடின் “பழைய மெஷின், மாத்துங்கோ” என்பது இறுதித் தீர்ப்பு. விடுதி அறைகளிலும், நூலக வாயிலிலும், நகரத்துக் கணினிக் கடைகளிலும் நாள்தோறும் வழங்கப்படும் இத்தீர்ப்புக்களிலே பொதுப்பண்பு ஒன்று உண்டு. பழுது எதனால் ஏற்பட்டது என்ற வினாவை இவற்றுள் ஒன்றேனும் எழுப்புவதில்லை. நோய் இன்னதென்று அறியுமுன்னரே மருந்தின் பெயரைச் சொல்லிவிடும் இவ்வழக்கத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலைப்பீடத்து மாணவன் ஒருவன் தமிழ்ச் சங்கத்தின் இதழிலே கணினிப் பழுதைப் பற்றி எழுதுவதா எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அந்த முகச்சுளிப்பே என்னை இதனை எழுதத் தூண்டியது எனலாம். கணினியின் உறுப்புக்களை ஆக்குவது பொறியியலாளரின் தொழில் என்பதில் ஐயமில்லை. ஆயின், ஒரு விளைவைக் கண்டு அதன் காரணத்தை ஆராய்வது எந்தப் பீடத்தின் தனிச்சொத்துமன்று. ஓர் அரசு ஏன் வீழ்ந்தது என வரலாற்று மாணவன் கேட்கிறான். ஒரு கிராமத்திலே கல்வி ஏன் பின்தங்கியது எனச் சமூகவியல் மாணவன் கேட்கிறான். ஒரு சுவடியிலே பாடம் ஏன் வேறுபட்டது எனத் தமிழ் மாணவன் கேட்கிறான். ஏன் என்று கேட்பதையே கல்வியாகக் கொண்ட நாம், எமது மேசைமேல் இருக்கும் கருவி நாளொன்றுக்கு மூன்று முறை செயலிழக்கும்போது மட்டும் அவ்வினாவைக் கைவிட்டுவிடுவது ஏன்?

2

சொந்த அநுபவத்தைச் சான்றாகக் காட்டுவதை வாசகர் பொறுத்தருள வேண்டும். பிறருடைய இழப்பைக்கொண்டு வாதிடுவதிலும் என்னுடையதைக்கொண்டு வாதிடுவது நேர்மையானது எனக் கருதுகிறேன்.

ஆய்வுக் கட்டுரைக்காக ஒருவர் பாவித்த மேசைக் கணினி ஒன்றை வாங்கியிருந்தேன். சில மாதங்களின் பின்னர் அதன் இயல்பு மாறிற்று. இயக்கிய முதல் அரைமணி நேரம் ஒழுங்காக வேலை செய்யும். பின்னர் வேகங் குன்றும். தட்டிய எழுத்துத் திரையிலே தோன்றச் சில விநாடிகள் செல்லும். அதன்பின், எவ்வித அறிவிப்புமின்றி முழுவதும் அணைந்துவிடும். கார்த்திகை மாதத்திலே அதனை நகரத்துக் கடையொன்றுக்குக் கொண்டுசென்றேன். “வைரஸ் பிடிச்சிட்டுது தம்பி, போர்மற் அடிச்சால் சரி” என்றார் கடைக்காரர். எத்தனை நாளாக இப்படி, எப்போது நிற்கிறது, நிற்கும்போது என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என ஒரு கேள்விதானும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் கணினி திரும்பி வந்தது. அதிலிருந்த பதினொரு ஒலிப்பதிவுகள் திரும்பி வரவில்லை.

அவை, முதிர்ந்த நாட்டுக்கூத்து அண்ணாவியார் ஒருவர் தாம் ஆடிய கூத்துக்களைப் பற்றிச் சொன்னவையும் பாடிக்காட்டியவையும் ஆகும். கையடக்கத் தொலைபேசியிலே இடமில்லையெனக் கணினிக்கு மாற்றியிருந்தேன். வேறொரு பிரதி எடுத்துவைக்காதது என் குற்றமே. அதனை நான் மறைக்கவில்லை. ஆனால், அழிப்பதற்கு முன் ஒரு சொற் கேட்பது அழிப்பவரின் கடமையன்றோ? அண்ணாவியார் அடுத்த சித்திரைக்கு முன்னரே காலமாகிவிட்டார். அவர் பாடியவற்றுட் சில இனி எவரிடமிருந்தும் கிடைக்கப்போவதில்லை.

இதிலே கவனிக்கவேண்டிய வேடிக்கை ஒன்றுண்டு. போர்மற் செய்த பின்னர் கணினி இரண்டு மாதத்துக்கு மேலாகப் பழுதின்றி இயங்கிற்று. “பார்த்தாயா, வைரஸ்தான்” என நண்பர்கள் கூறினர். நானும் நம்பினேன். கார்த்திகை, மார்கழி மழையிலே அறை குளிர்ந்திருந்தது என்பதை எவரும் எண்ணவில்லை. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாக, மழை செய்த உபகாரம் மருந்தின் பெயரிலே வரவு வைக்கப்பட்டது.

பங்குனி வெயிலோடு பழைய நோய் திரும்பிற்று. மீண்டும் அதே கடை. இம்முறை “றாம் போதாது” என்ற தீர்ப்பு. இன்னொரு நினைவகத் துண்டு செருகப்பட்டது. அதன் பின்னர் இரண்டு விதமாகச் செயலிழக்கத் தொடங்கிற்று. முன்போலச் சட்டென அணைவது ஒன்று. திரை நீலமாகி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைக்குறியைக் காட்டி மீண்டும் தொடங்குவது மற்றொன்று. மூன்றாம் முறை சென்றபோது “மதர்போர்ட் போயிட்டுது, புதுசு எடுங்கோ” என்றார். புதிது வாங்கப் பணமிருந்திருந்தால் வாங்கியிருப்பேன். உண்மையை அறியும் வாய்ப்பும் அத்தோடு போயிருக்கும்.

பணமின்மையால் ஆராயவேண்டியதாயிற்று. என் அறைத்தோழனும் நானும் ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு முறையும் கணினி நின்ற திகதி, நேரம், இயக்கி எத்தனையாவது நிமிடம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை என்பவற்றைக் குறிக்கத் தொடங்கினோம். ஒரு கிழமையிலே ஓர் ஒழுங்கு புலனாயிற்று. விடியற்காலை ஐந்து மணிக்கு இயக்கினால் இரண்டு மணி நேரம் தாங்கியது. பிற்பகல் இரண்டு மணிக்கு இயக்கினால் இருபது நிமிடந் தாங்கவில்லை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியின் காற்றை உள்ளே செலுத்தினோம்; சட்டென அணைவது நின்றது. விசிறியை அகற்றினோம், அணைந்தது. வெப்பங் காட்டும் இலவச மென்பொருளொன்று, மையச் செயலியின் வெப்பநிலை 100 பாகை செல்சியசை அண்மிப்பதைக் காட்டிற்று.

திறந்து பார்த்தபோது, செயலியின் மேலுள்ள குளிரூட்டியைத் தாய்ப்பலகையோடு பிணைக்கும் நான்கு பிளாஸ்ரிக் முளைகளுள் ஒன்று கழன்றிருந்தது. குளிரூட்டி ஒருபுறஞ் சரிந்து செயலியைச் சரிவரத் தொடாமல் நின்றது. அதன் இதழ்களுக்கிடையே தூசி கம்பளிபோற் படிந்திருந்தது. இடையிலே பூசப்பட்ட வெப்பப் பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. தூசியைத் தட்டி, புதுப் பசை பூசி, முளையை அழுத்திப் பூட்டினோம். சட்டென அணைவதும் வேகங் குன்றுவதும் அன்றே நின்றன. நீலத்திரை மட்டும் நிற்கவில்லை. நினைவகத்தைச் சோதிக்கும் மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டோம், பிழைகள் வந்தன. இரு துண்டுகளையும் தனித்தனியே சோதித்தோம். பழைய துண்டிலே பிழையில்லை. கடையிலே புதிதாகச் செருகியதிலேதான் பிழை. அதனை எடுத்துவிட்டதோடு நீலத்திரையும் ஒழிந்தது.

ஆகவே, முதல் நோய்க்குக் காரணம் காணாமற் கொடுத்த மருந்தே இரண்டாவது நோயாயிற்று. இது என் ஒருவனுக்கு நேர்ந்த விபத்தன்று. காரணம் அறியாத பரிகாரம் எங்கும் இப்படித்தான் முடியும்.

3

இந்த ஆராய்ச்சியிலே நாம் கையாண்டவற்றுள் ஒன்றேனும் பொறியியற் பீடத்துக்குரியதன்று. உயர்தர வகுப்பிலே எம்முட் பலர் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்ற பாடத்தைப் பயின்று வந்தவர்கள். ஜோன் ஸ்ருவாட் மில் 1843 இலே வெளியிட்ட தமது அளவையியல் நூலில் வகுத்த முறைகளை மனனஞ் செய்து புள்ளி பெற்றவர்கள். விசிறி இருந்தால் அணைவதில்லை, விசிறி இல்லையெனில் அணைகிறது என்பது வேற்றுமை முறையன்றி வேறென்ன? அறை வெப்பம் ஏற ஏறக் கணினி தாங்கும் நேரம் குறைந்தமை உடன்மாறல் முறை. வெப்பத்தாலான பழுதை நீக்கிய பின்னரும் நீலத்திரை எஞ்சி நின்றமையால் அதற்குப் பிறிதொரு காரணம் இருத்தல்வேண்டும் என்று துணிந்தமை எச்ச முறை. மேலைத்தேயத்தவரிடம் போகவும் வேண்டியதில்லை. அடுக்களையிலே புகையுமுண்டு தீயுமுண்டு, மடுவிலே தீயுமில்லை புகையுமில்லை என்று உடன்பாட்டாலும் எதிர்மறையாலும் தொடர்பை நிறுவும் அன்வயம், வெதிரேகம் என்பன எமது மரபின் தருக்க நூல்கள் நன்கறிந்தவை. காகதாலீயம் என்ற பெயராலே, தற்செயலைக் காரணமென மயங்கும் வழுவையும் எம்முன்னோர் அடையாளங் கண்டிருந்தனர்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை எடுத்துக்காட்டாத மேடை எம்மிடையே இல்லை. நோய் இன்னதெனவும் அதன் முதல் இன்னதெனவும் தணிக்கும் வழி இன்னதெனவும் ஆராய்ந்தே செயற்படவேண்டும் என்பது அங்கு கூறப்படும் ஒழுங்கு. அதனை மேடையிலே முழங்கிவிட்டு, இறங்கிவந்து ‘போர்மற் அடி’ என்கிறோம். பரீட்சை மண்டபத்திலே கருவியாக இருக்கும் அறிவு வெளியே வந்ததும் அலங்காரமாகிவிடுகிறது. நான் சாடுவது இதனையே.

4

காரணத்தை விடாது தேடுவதன் வலிமைக்கு, கணினியின் வரலாற்றிலேயே தக்க சான்றுகள் உள்ளன. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பேர்க் கல்லூரியிலே கணிதம் கற்பித்த தோமஸ் நைஸ்லி, 1994 இலே இரட்டை முதன்மை எண்களின் நிகர்மாறுகளைக் கூட்டும் கணிப்பொன்றைப் பல கணினிகளிலே நடத்திக்கொண்டிருந்தார். அவ்வாண்டு யூன் மாதத்திலே விடைகள் ஒவ்வாமை கண்டார். பென்ரியம் கணினி தந்த விடை பிழையாக இருந்தது. எம்மவராயின் என்ன செய்திருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று. நைஸ்லியோ தமது நிரலைச் சந்தேகித்தார், அதனை மொழிபெயர்க்கும் மென்பொருளைச் சந்தேகித்தார், தாய்ப்பலகையைச் சந்தேகித்தார். ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார். இறுதியில் எஞ்சியது செயலியின் வகுத்தற் பகுதியே. ஒக்டோபர் மாத இறுதியிலே அவர் தமது முடிவைப் பிறருக்கு அறிவித்தார். அன்று உலகின் மிகப்பெரிய செயலி உற்பத்தியாளராக இருந்த இன்ரெல் நிறுவனம் அப்பழுதுக்காக 475 மில்லியன் டொலரை ஒதுக்க நேர்ந்தது. தனியொரு கணித ஆசிரியரின் பொறுமை செய்த காரியம் அது.

அண்மைய சான்றொன்று இன்னும் பொருத்தமானது. அதே நிறுவனத்தின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் பூண்ட கணினிகள் பல, விளையாட்டு மென்பொருள்கள் ஓடும்போது செயலிழந்தன. திரையிலே தோன்றிய அறிவிப்புக்களுட் சில, காட்சி அட்டையின் நினைவகம் போதவில்லை என்றன. அறிவிப்பை நம்பியவர்கள் காட்சி அட்டையை ஐயுற்றனர். வேறு சிலர் விளையாட்டை ஆக்கியோரைக் குறை கூறினர். 2024 யூலையிலே நிறுவனமே உண்மையை ஒப்புக்கொண்டது. செயலிக்குள்ளிருக்கும் கட்டளைத் தொகுதி அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கோரியமையே காரணம். ஓகஸ்ட் மாதத்திலே திருத்தம் வெளியாயிற்று. உத்தரவாதக் காலம் இரண்டு ஆண்டுகளால் நீடிக்கப்பட்டது. ஏற்கெனவே சேதமுற்ற செயலிகளை அத்திருத்தம் குணப்படுத்தவில்லை. விண்டோசை எத்தனை முறை மீள நிறுவினாலும் இந்நோய் தீர்ந்திருக்குமா? அறிவிப்பு நோயின் குறியே. நோயின் முதல் அன்று.

இன்னொன்று: 2024 யூலை 19 ஆம் திகதி, கிறவுட்ஸ்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பொன்றினால், மைக்ரோசொவ்ற்றின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் தடுமாறின. காரணம் அறியப்பட்டபோது பரிகாரம் மிகச் சிறிதாக இருந்தது. கணினியைப் பாதுகாப்பு நிலையிலே இயக்கி, ஒரு வகைக் கோப்பை மட்டும் நீக்குவதே பெரும்பாலானவற்றுக்குப் போதுமாயிற்று. காரணம் தெரிந்தவனுக்கு ஒரு கோப்பு. தெரியாதவனுக்கு முழு வன்தட்டு.

5

அவ்வாறாயின் எவ்வாறு ஆராய்வது என்ற கேள்வி எழும். விரிவான கைந்நூல் எழுதுவது என் நோக்கமன்று. நெறியை மட்டும் சுட்டலாம்.

முதலாவது, எதையும் திருத்துமுன் கோப்புக்களைப் பிரதி செய்தல். வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும். பழுதடைந்து மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையை இலவச மென்பொருள்களால் வாசிக்கலாம். அது குறைவாக உள்ளதெனக் கவலையற்றிருத்தலும் ஆகாது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுக்களை ஆராய்ந்து கூகிள் ஆய்வாளர் 2007 இலே வெளியிட்ட கட்டுரையின்படி, செயலிழந்த தட்டுக்களுள் அரைவாசிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளுள் எதனையும் முன்கூட்டிக் காட்டவில்லை. பிரதியே பாதுகாப்பு, எச்சரிக்கையன்று.

இரண்டாவது, கணினி தானே எழுதிவைக்கும் நாட்குறிப்பை வாசித்தல். விண்டோசிலே நம்பகத்தன்மைப் பதிவும் நிகழ்வுப் பதிவும் உண்டு. எந்த நாள் எந்தச் செலுத்தி மென்பொருள் நிறுவப்பட்டது, எந்த நாள் செயலிழப்புத் தொடங்கிற்று என்பவற்றை அங்கு ஒருங்கே காணலாம். ஆயின் அங்கும் அவதானம் வேண்டும். திடீரென அணைந்த கணினி மீள எழும்போது 41 ஆம் இலக்க நிகழ்வு பதியப்படும். அதன் பெயரிலே மின்வலு என்ற சொல் இருப்பதைக் கண்டு ‘மின்வழங்கி பழுது’ என முடிவுகட்டிப் புதிது வாங்கியோர் பலர். அப்பதிவு சொல்வதெல்லாம், முறைப்படி மூடப்படாமற் கணினி மீளத் தொடங்கியது என்பதுதான். ஏன் என்பதை அது சொல்லவில்லை. சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவையே அதிலிருந்து பெறவேண்டும் என்பது வரலாற்று மாணவர் முதலாம் ஆண்டிலே கற்கும் பாடமன்றோ?

மூன்றாவது, பிரித்தறிதல். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் போன்ற வேறோர் இயங்குதளத்தை நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். அதிலும் அதேபோற் செயலிழந்தால் குற்றம் விண்டோசின்மேலன்று. போர்மற் செய்வது வீண். வெப்பமாயின் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். அதற்கும் அடங்காவிடின் அணைந்துவிடும். எனவே, மந்தமும் நிற்றலும் வரிசையாக வருமிடத்து வெப்பத்தை முதலில் ஐயுறலாம். நினைவகமாயின் பிழைக்குறிகள் ஒவ்வொரு முறையும் மாறிவருவதைப் பெரும்பாலும் காணலாம். நினைவகம் போதாமையாயின் கணினி நிற்பதில்லை. வன்தட்டை நினைவகமாகப் பாவிக்க முயன்று ஊர்ந்து செல்லும். மின்வழங்கியாயின், பாரமான வேலை தொடங்கும் கணத்திலே அணைவது உண்டு. இவை ஐயங்களே, முடிவுகள் அல்ல. முடிவைச் சோதனை சொல்லவேண்டும்.

நான்காவதும் தலையாயதும், ஒரு நேரத்திலே ஒன்றை மட்டும் மாற்றுதல். ஒரே நாளிலே போர்மற் செய்து, றாம் மாற்றி, தூசியும் தட்டினால் கணினி சரியாகலாம். ஆனால் எதனாற் சரியாயிற்று என்பது எவருக்கும் தெரியாது. தெரியாத வெற்றி அடுத்த தோல்விக்கு உதவாது.

6

இக்கருத்துக்கு எழக்கூடிய மறுப்புக்களை நான் அறியாமலில்லை.

‘ஆராய மூன்று நாள் செல்லும், போர்மற் செய்ய ஒரு மணி நேரம் போதும்’ என்பர். என் கதையிலே அந்த ஒரு மணி நேரம் ஐந்து மாதமாயிற்று. இரண்டு முறை பணம் போயிற்று. பதினொரு ஒலிப்பதிவுகள் போயின. குறுக்கு வழி என்பது சேருமிடத்தைச் சேர்ந்தால்தான் குறுக்கு வழி. இயங்குதளத்தின் கோப்புக்கள் சிதைந்துவிட்டன என்பது சோதனையாற் புலனாகுமிடத்து, மீள நிறுவுவதே தக்க மருந்து என்பதை மறுப்பதற்கில்லை. மருந்தை நான் எதிர்க்கவில்லை. எல்லா நோய்க்கும் அதுவே மருந்தென்பதை எதிர்க்கிறேன்.

‘கணினி பழசாகிவிட்டது, முதுமைக்கு மருந்தில்லை’ என்பர். மூன்று நான்கு ஆண்டிலே செயலி தானாகக் களைத்துப்போவதில்லை. தூசி படிகிறது, பசை காய்கிறது, வன்தட்டுத் தேய்கிறது, மென்பொருள்கள் முன்னையினும் பாரமாகின்றன. இவை ஒவ்வொன்றும் பெயர் சொல்லக்கூடிய காரணங்கள். இவற்றையெல்லாம் முதுமை என்ற ஒரே சொல்லாலே மூடிவிடுவது சோம்பலுக்கு இட்ட பெயர். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொவ்ற் நிறுத்திக்கொண்டது. அதன் அடுத்த பதிப்போ, வேலைசெய்யும் ஆற்றல் குன்றாத பல பழைய செயலிகளை ஏற்பதில்லை. இதனால், பழுதில்லாத கருவிகளும் பழசென்று தள்ளப்படுகின்றன. கருவியின் ஆயுளை அதன் உடல்நிலை முடிவுசெய்யாமல் விற்பவரின் அட்டவணை முடிவுசெய்யும் இக்காலத்திலே, பழுதுக்கும் பழமைக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவன் ஏமாறவே செய்வான். 2022 மார்ச் மாதத் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் அவ்வாண்டு மே மாதத்திலே 360 ரூபாவை எட்டிய நாடு எமது நாடு. காரணமின்றி மாற்றப்படும் ஒவ்வோர் உறுப்புக்கும் நாம் அந்நியச் செலாவணியிலே விலை கொடுக்கிறோம் என்பதையும் மறத்தலாகாது.

‘கடைக்காரரைக் குறை கூறுகிறாய்’ என்பர். இதிலே நியாயமுண்டு. நாம் அவரிடம் சென்று ‘பின்னேரத்துக்குள் வேண்டும்’ என்கிறோம். றாமுக்கு விலை கொடுக்கிறோம், போர்மற்றுக்குக் கூலி கொடுக்கிறோம்; இரண்டு மணி நேரம் சோதித்துவிட்டு ‘ஒரு முளைதான் கழன்றிருந்தது’ என அவர் சொன்னால், ‘இதற்கா காசு?’ என்று கேட்கிறோம். ஆராய்ச்சிக்கு ஊதியமில்லாத இடத்திலே உறுப்பு விற்பனைதான் பிழைப்பாகும். காரணங் காணுவதைத் தொழிலாக மதிக்காத குற்றம் அவருடையது மட்டுமன்று. அவரிடம் அப்படிக் கேட்கப் பழகிய எம்முடையதுமாகும்.

7

இவ்விடயம் ஒரு கருவியோடு நின்றுவிடுவதாயின் இத்துணைக் கோபம் தேவையற்றது. மாணவர் சித்தியடையாவிடின் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை’ என்கிறோம். நல்ல நாவல்கள் வெளிவராவிடின் ‘வாசகர் இல்லை’ என்கிறோம். கூத்து அருகினால் ‘சினிமா கெடுத்துவிட்டது’ என்கிறோம். இவையெல்லாம் ‘வைரஸ் பிடிச்சிட்டுது’ என்பதன் மறுவடிவங்களே. ஒன்றையும் அளக்காமல், ஒப்பிடாமல், விலக்கிப் பார்க்காமற் சொல்லப்படும் காரணங்கள் எம் ஆய்வுக் கட்டுரைகளிலும் புகுந்துவிட்டன. மேசைமேலிருக்கும் இரும்புப் பெட்டி ஒருவகையிலே நல்லாசிரியன். பொய்யான காரணத்தை அதன் முன்னே எத்துணை அழகாகச் சொன்னாலும் அது மீண்டும் நின்றுவிடும். சமூகத்தைப் பற்றிய பொய்க்காரணங்கள் அவ்வளவு விரைவாக எம்மைத் திருத்துவதில்லை.

ஆகவே, வெறும் புலம்பலோடு நில்லாது மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். பீடத்தின் கணினிக் கூடத்திலே ஒவ்வொரு கணினிக்கும் ஒரு கொப்பி வைக்கப்படவேண்டும். அது நின்ற நேரமும் நிலைமையும் பாவித்தவராற் குறிக்கப்படவேண்டும். உரியவர் பார்த்து ஒப்பமிடாமல் எந்தக் கணினியும் அழித்து மீள நிறுவப்படலாகாது. திருத்துவோரிடம் கணக்குக் கேட்கும்போது, மாற்றிய உறுப்பின் விலையை மட்டுமன்றிக் கண்ட காரணத்தையும் எழுதித் தருமாறு கேட்கவேண்டும். அதற்குரிய கூலியையும் மனமுவந்து கொடுக்கவேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை, கொப்பியின் விலையும் எமது வெட்கமுமே செலவு.

அண்ணாவியாரின் குரல் இனித் திரும்பாது. ஆனால் எம் நூலகக் கணினிகளிலும் விடுதி மேசைகளிலும் இன்னும் எத்தனையோ குரல்களும் எழுத்துக்களும் ஒரே பிரதியாகக் கிடக்கின்றன. அடுத்த முறை ஒரு கணினி நின்றுவிட்டால், எவராவது ‘போர்மற் அடி’ என்று சொல்லுமுன், நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏன் நின்றது? அக்கேள்வியைக் கேட்க வெட்கப்படுவோமாயின், கேள்வி கேட்பதற்கென்றே கட்டப்பட்ட இப்பல்கலைக்கழகத்திலே நாம் இருப்பதற்கு நியாயமில்லை.